மாணிக்கமாலையும் மூணு சுழி ணவும்

மக்கா,

உன் வாய்ஸ் மெசேஜ் ரெண்டையும் கேட்டேன். பதிலுக்கு பேசி அனுப்பலாம்னு பாத்தா நமக்கு பேச ஆரம்பிச்சா விஷயம் எங்கயோ சாடிப் போயிரும், அதான் டைப் பண்ணுதேன். மஸ்கட்ல வெயில் எப்படி? இங்க மழை விட்ட பாடில்ல, ரப்பர் வெட்டு நடக்கல, அப்பா திண்ணைல இருந்துட்டு போறவன் வாறவன எல்லாம் ஏசுதாரு. மத்தபடி சொகம்.

எழுத்து வரைய இருந்தா நெட்ல பாத்ததே கைல வருதுன்னு சொன்னல்லா. லெட்டரிங்க பாத்து லெட்டரிங் செஞ்சா பின்ன வேற எப்படி வரும்? நான் இப்ப சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயத்த எடுத்து கூட்டிக் கெட்டுதேன், ஒரு பக்கம் ஒரு வார்த்தை, இன்னொரு பக்கம் நம்ம ஊர்ல கண்ணுல படுற ஏதாவது ஒரு சாதனம். ஆனா கேட்டியா, சாதனத்தோட படத்த எழுத்துக்குள்ள சொருகுனா காரியம் கெட்டுது. மீன்கடை போர்டுல எழுத்துக்கு வால் வைக்கிறது, டீக்கடைனா ஆவி பறக்க விடுறது, அதெல்லாம் நாம சுவரெழுதுன காலத்துலயே எல்லாரும் பண்ணியாச்சு. அது எப்படி செஞ்சிருக்கு, எது எதத் தாங்குது, அதத்தான் எடுக்கணும்.

தோவாளைல ஒரு கல்யாண வீட்டுக்கு 'திருமணம்'னு எழுதிக் கேட்டாங்க, இன்விடேஷனுக்கு. மாணிக்கமாலை கெட்டுற எடத்துல போயி நின்னேன், 2025ல புவிசார் குறியீடு கிடைச்சுதே அதேதான். செவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை, எல்லாத்தையும் மடிச்சு மடிச்சு நாருல கெட்டி பாய் மாதிரி தட்டையா வரும், ஒவ்வொரு பூவும் ஒரு சதுரக் கட்டம். கட்டம்னா நம்ம எழுத்துக்கு ஆவாதுல்லா, இது பூரா வளைவு. ஓலைல நேர்கோடு இழுத்தா கிழியும்னு வட்டம் வட்டமா வளந்த எழுத்தும்பாங்க, அதப் போயி கட்டத்துக்குள்ள ஒதுக்கணும். தி, ரு, ம எல்லாம் எப்படியோ சமாளிச்சாச்சு, மூணு சுழி ண தான் உசிர வாங்கிச்சு. ஒரு சுழிக்கு அகலம் 3 கட்டமாவது வேணும், சுத்தி செவப்பு, நடுவுல ஓட்டை, அப்ப மூணு சுழிக்கு 9 கட்டம், அதுக்கு மேல கால் வேற, ண ஒண்ணே பாதி எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. பெறகு மாலையவே உத்துப் பாத்தா அதுல பூவுக்கும் பூவுக்கும் எடைல சந்தே கெடையாது, நெறம் மாறுற எடம்தான் எல்லை. அப்ப ஒரு சுழியோட சுவரயே அடுத்த சுழிக்கும் சுவரா வச்சா என்னன்னு தோணிச்சு. 9 கட்டம் 7 ஆச்சு. ஓட்டைக்கு வெள்ளை அரளி, பின்னால பூரா நொச்சிப் பச்சை. கிராஃப் ஷீட்ல கலர் பென்சில் வச்சு செஞ்சதுதான், கொள்ளாம், பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் பிடிச்சுது.

இன்னொண்ணு யாரும் கேக்காம எனக்காக செஞ்சது. மாத்தூர் தொட்டிப்பாலம் நினைவிருக்கா, கால்வாய்த் தண்ணிய பள்ளத்துக்கு மேல தொட்டில கொண்டு போற பாலம், 1966ல கட்டுனது, பறளியாத்துக்கு மேல 115 அடி, நீ பாதில தலை சுத்துதுன்னு திரும்பி ஓடுனியே. கீழ நின்னு பாத்தா பள்ளம் எறங்க எறங்க தூண் நீளும், மேல தொட்டி மட்டும் ஒரே மட்டம். நாம எப்பவும் கீழ நூல் போட்டு அதுல எழுத்த நிப்பாட்டி பழகுனவங்க, இதுல மேல மட்டும்தான் நூல், கீழ எங்க வேணும்னாலும் போயி நிக்கட்டும். வார்த்தை 'தாகம்'. த வோட வால், துணைக்கால், எல்லாம் பாறை வரைக்கும் எறங்குது, தலைக்கு மேல தொட்டில தண்ணி போவுது, இதுகளுக்கு ஒரு சொட்டு கிடையாது. ம் புள்ளி வைக்க எடமில்லாம தொட்டிக்குள்ளயே போட்டேன். அது மட்டும் தண்ணில கெடக்கு!

எல்லாம் ஒட்டாது. ஆரல்வாய்மொழில கரண்ட் எடுக்குற காத்தாடியையும் சிதறால் மலை கல்வெட்டுல உள்ள வட்டெழுத்துங்கிற பழைய எழுத்தையும் கூட்டிப் பாத்தேன், ரெண்டும் வட்டம்னு ஒரே காரணம்தான், கூட்டினாலும் வட்டமாவே இருக்கு, புதுசா ஒண்ணும் நடக்கல. ரொம்ப ஒத்துப் போறதும் ஆவாது போல.

நீ அங்க தெனமும் அரபு போர்டு பாக்குத, அதுல வரிய நிரப்ப எழுத்துக்கு எடைல உள்ள கோட்ட இழுத்து நீட்டுவாங்கல்லா. அந்த நீட்டுறத தமிழ்ல எந்தெந்த எழுத்து தாங்கும்னு பாரேன். லை, ணை, னை எல்லாம் 1978க்கு முன்னால தும்பிக்கையோட எழுதுவாங்களே, அந்தப் பழைய லை தாங்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். வரைஞ்சா போட்டோ அனுப்பு, பென்சில்ல இருந்தாலும் போதும்.

மைனிய கேட்டதா சொல்லு. லீவுக்கு வரும்போது ஒரு இஞ்சு ஃபிளாட் பிரஷ் நல்லதா ரெண்டு வாங்கிட்டு வா, இங்க கிட்டுறது ஒரு போர்டு எழுதுறதுக்குள்ள முடி கொட்டுது. உனக்கு ஏத்தங்கா வத்தல் பொரிச்சு வைக்க அம்மாட்ட சொல்லியாச்சு.