போபாலில் பறை காய்ச்சித் தந்த ஐயாவுக்கு

1984 விஷவாயுக் கசிவின் டிசம்பர் 3 நினைவுநாளுக்காக எங்கள் வீதி நாடகக் குழு போபால் போயிருந்தது. மூடிக்கிடக்கும் யூனியன் கார்பைடு ஆலைக்கு வெளியே, தாயும் குழந்தையுமாக நிற்கும் நினைவுச் சிலைக்குப் பக்கத்தில் நாடகம். காலைக் குளிரில் பறையின் தோல் தொய்ந்துபோய், அடித்தால் சத்தமே எழும்பவில்லை. தெரியாத ஊரில் சுள்ளிக்கு எங்கே போவது? தெருவோரம் நின்றிருந்த நீங்கள்தான் பழைய அட்டைகளைப் பொறுக்கி வந்து தீ மூட்டினீர்கள், ஐயா.

அப்புறம் ஒத்திகையை நின்று பார்த்தீர்கள். எங்கள் அரைகுறை இந்திக்கு ஈடுகொடுத்து, 1984இன் அந்த இரவைச் சொன்னீர்கள். முதலில் கண்தான் எரிந்ததாம், யாரோ மிளகாயைத் தீயில் போட்ட மாதிரி. அன்று ஆலையிலிருந்து கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும் என்று படித்திருந்தோம். நீங்கள் கையைத் தாழ்த்தி ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டினீர்கள். ஓடியவர்களுக்கு மூச்சு வாங்க வாங்க விஷம் இன்னும் உள்ளே போயிருக்கிறது. ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள் என்று சொல்லக்கூட அன்று ஆளில்லை.

அந்த ஈரத்துணியை நாடகத்தில் சேர்த்துவிட்டோம். வசனமே கிடையாது. எங்கள் நாடகத்திலேயே உருப்படியான காட்சி அதுதான் என்பேன்.

பெயர் கேட்டதற்கு ஐயா சிரித்துவிட்டுப் போய்விட்டார். போபால் நண்பர்கள் யாராவது இதை அவருக்கு இந்தியில் சொல்லுங்கள். எங்கள் எல்லோருக்கும் டீக்காசும் அவரே கொடுத்துவிட்டார், அதற்கும் சேர்த்து நன்றி.