மீட்டருக்குத் தெரியாத ஈயம்

ஆசிரியருக்கு,

ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆர்செனிக், ஈயம் போன்ற கன உலோகங்கள் கலப்பது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். நீரைச் சோதிக்க வேண்டும், சரி. எதைக் கொண்டு என்பதில்தான் குழப்பம். எங்கள் குடியிருப்பில் கிணறு தோண்டியவர் டிடிஎஸ் மீட்டரை நீரில் விட்டு, "எண் குறைவு, தாராளமாகக் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கருவி, கரைந்துள்ள மொத்த உப்பைத் தோராயமாகக் காட்டுவது, அவ்வளவே. ஆர்செனிக், ஈயம் இரண்டுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவு மீட்டருக்கு எங்கே தெரியப்போகிறது? கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

குடிநீருக்கான கிணறுகளில் ஆர்செனிக், ஈயம், காட்மியம் ஆகியவற்றை ஆய்வகத்தில் தனித்தனியே அளந்து, முடிவைக் குழாயடியிலேயே எழுதி வைக்க உள்ளாட்சி அமைப்புகள் முன்வரலாம்.

- ஒரு வாசகர்