நம்பர் சரி, டாக்டர் வேற

ஆசிரியருக்கு வணக்கம். நம்ம பசங்க எத்தனையோ பேர் நைட் ஷிஃப்ட்ல அமெரிக்க மெடிக்கல் பில்லிங் (அங்க பாத்த வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ்கிட்ட பணம் கேட்டு கிளெய்ம் அனுப்புற வேலை) பாக்குறாங்க, நானும் அதே வேலை தான். புதுசா சேர்றவங்களுக்கு என்பிஐ-ன்னா டாக்டரோட பத்து இலக்க நம்பர், அத கிளெய்ம் ஃபார்ம்ல இந்த கட்டத்துல போடுன்னு சொல்லி ட்ரெய்னிங்க முடிச்சிடுறாங்க, அது பத்தாதுங்க.

முன்னாடி அங்க ஒரே டாக்டருக்கு மெடிகேர்ல (அமெரிக்க அரசோட முதியோர் இன்சூரன்ஸ்) ஒரு நம்பர், மத்த இன்சூரன்ஸ் ஒவ்வொண்ணுலயும் வேற நம்பர்னு இருந்துச்சு. 1996-ல வந்த ஹிப்பா சட்டப்படி எல்லாத்துக்கும் சேத்து ஒரே நம்பர்னு ஆக்கி, 2005 மே மாசம் குடுக்க ஆரம்பிச்சு, பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் டாக்டர்களுக்கும் 2007 மே 23-ல கெடு வச்சாங்க. டாக்டர் ஊர் மாறினாலும் ஆஸ்பத்திரி மாறினாலும் அதே நம்பர் தான். கடைசி இலக்கம் செக் டிஜிட், அதனால ஒரு இலக்கம் தப்பா அடிச்சா கணக்கு ஒத்துவராம சிஸ்டமே காட்டிக்குடுத்துடும்.

ஆனா வேற ஒரு டாக்டரோட நம்பர முழுசா சரியா போட்டுட்டா செக் டிஜிட் என்ன பண்ணும்? எனக்கு அதான் நடந்துச்சு. அப்பாவும் மகனும் டாக்டர், ரெண்டு பேருக்கும் ஒரே பேர், கடைசியில ஜூனியர்னு இருந்தத கவனிக்காம என்பிஐ நம்பர் தேடுற ரெஜிஸ்ட்ரில முதல்ல வந்த நம்பர எடுத்து, வைத்தியம் பாத்த டாக்டரோட நம்பர் போடுற 24ஜே கட்டத்துல போட்டுட்டேன். கிளெய்ம சரிபாத்து இன்சூரன்ஸுக்கு அனுப்புற கிளியரிங்ஹவுஸ தாண்டி போயிடுச்சு, அப்புறம் இந்த டாக்டர் இன்சூரன்ஸோட நெட்வொர்க்லயே (ஒப்பந்தம் போட்ட டாக்டர்கள் லிஸ்ட்) இல்ல, பணம் தர முடியாதுன்னு டினையல் வந்து, பில்லு பேஷன்ட்டான ஒரு வயசான அம்மா வீட்டுக்கு போயிடுச்சு. வழக்கமா பாக்குற டாக்டரத்தானே பாத்தேன், எதுக்கு இவ்ளோ பணம்னு அவங்க போன்ல அழுதாங்களாம், நோட்ஸ்ல படிச்சப்போ எனக்கு கையே ஓடல. 22-ம் கட்டத்துல, பழசுக்கு பதிலா இதுன்னு காட்டுற 7 போட்டு பழைய கிளெய்ம் நம்பரோட கரெக்டட் கிளெய்ம் அனுப்பி தான் சரி பண்ணோம்.

அந்த ரெஜிஸ்ட்ரி யார் வேணா காசில்லாம பாக்கலாம். பேரோட நிறுத்தாம அட்ரஸ், ஸ்பெஷாலிட்டி, அது தனி டாக்டரோட நம்பரா இல்ல டாக்டர்கள் சேந்து வேலை பாக்குற க்ரூப்போட நம்பரான்னு எல்லாம் பாக்கணும், க்ரூப் நம்பர் 33-ம் கட்டத்துக்கு தான். மணிக்கு எத்தனை கிளெய்ம்னு டார்கெட் வைக்கிற மேனேஜர்கள் இதுக்குன்னு ரெண்டு நிமிஷம் குடுங்க, ட்ரெய்னிங்ல ஒரு நாள் முழுக்க ஒரே பேர்ல இருக்குற டாக்டர்கள தேடவிட்டு பழக்குங்க.

இப்படிக்கு,
மெடிக்கல் பில்லிங் ஊழியர்