காணிக்கையை யார் கையில் கொடுக்கப் போகிறோம்?

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், கட்டடக் கமிட்டியில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும்,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, புது ஆலய வேலையை நம்ம ஆளான கான்ட்ராக்டர் ஒருவருக்கே கொடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. ஜெபிக்கிற மனுஷன், சதுர அடி ரேட்டும் மற்றவர்களைவிடக் குறைவு என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 22 வருடம் வளைகுடாவில் சைட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் அது என் மேல்தான் விழும்.

அந்த அண்ணன் நல்லவர், சந்தேகமே இல்லை. நம் தெருவில் அவர் கட்டிய வீடுகள் நன்றாகத்தான் நிற்கின்றன. ஆனால் வீட்டில் பெரிய அறையே 15 அடிதான் இருக்கும். நம் ஆலயமோ நடுவில் தூண் இல்லாமல் 40 அடி அகலம். அந்த நீளத்துக்குப் பீம் போடுவதும், கான்கிரீட் இறுகும்வரை அதைச் சுமக்கும் சென்ட்ரிங்கைத் தாங்கிப் பிடிப்பதும் வேறு வேலை. இதற்கு முன் இப்படி ஒன்றைக் கட்டி முடித்தவரா என்பதுதான் முதல் கேள்வி. எந்தச் சபை, யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது.

நம் பாரிஷ் ஹாலை மறந்துவிட்டோமா? அன்றைக்கு வந்த கான்ட்ராக்டரும் தெரிந்தவர்தான். கான்கிரீட் போட்டு ஒன்பதாம் நாள், கீழே தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்துவிட்டார். 6 மீட்டருக்கு மேல் நீளமான பீமுக்குக் குறைந்தது 21 நாள் முட்டு நிற்க வேண்டும் என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நூலான ஐ.எஸ். 456 சொல்லும் விதி. சென்ட்ரிங் சாமானுக்குத் தினவாடகை ஏறுகிறது என்று அவருக்கு அவசரம். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஹால் வேண்டும் என்று நமக்கும் அவசரம். நாமும்தான் அவரைத் துரத்தினோம். இன்றைக்கு அந்தத் தளம் நடுவில் தொய்ந்திருக்கிறது, ஐப்பசி மழைக்கு மேலே தண்ணீர் தேங்குகிறது. கீழேதான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுதல்: பிரதிஷ்டைத் தேதியை இப்போதே குறித்து நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள். 2016 டிசம்பர் 10 அன்று நைஜீரியாவின் உயோ நகரத்தில், வேலை முடியாத ஓர் ஆலயத்தை அபிஷேக ஆராதனைக்காக அவசர அவசரமாகத் தயார் செய்தார்கள். ஆராதனை நடக்கும்போதே கூரை விழுந்து பலர் இறந்துபோனார்கள். நம் இடையன்குடி ஆலயத்தைப் பாருங்கள். கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கினார், 1880இல்தான் பிரதிஷ்டை. 33 வருடம்! ஜன்னல் வளைவு எப்படி வர வேண்டும் என்று கொத்தனாருக்குப் புரிய, அவரே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். நாம் அத்தனை வருடம் காத்திருக்க வேண்டாம். ஆனால் வேலை எப்படி வர வேண்டும் என்று கட்டுகிறவருக்குத் தெளிவாகக் காட்டும் பொறுப்பு நமக்கும் உண்டு.

சரி, ரேட்டுக்கு வருவோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்த கொட்டேஷனை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஒருவர் அஸ்திவாரத்தை 5 அடியோடு நிறுத்தியிருப்பார், இன்னொருவர் 8 அடி போட்டிருப்பார். ஒருவர் ஜி.எஸ்.டி. சேர்த்திருப்பார், இன்னொருவர் சொல்லவே மாட்டார். முதலில், கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நாமே நியமிப்போம். அவர் கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கவே கூடாது. அவர் வரைபடமும், கம்பி எத்தனை டன், கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்ற அளவுப் பட்டியலும் கொடுக்கட்டும். கொட்டேஷன் கொடுத்த மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்து ரேட் நிரப்பச் சொன்னால், குறைவாகக் கேட்கிறவர் எதைக் குறைக்கிறார் என்று தானாகத் தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் மண் பரிசோதனை. நம்முடையது கரிசல். மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். பழைய கோயில் சுவரில் கை நுழையும் அளவு விரிசல் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?

பணம் கொடுக்கும் விதத்தையும் எழுதி வையுங்கள். அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் அளந்து பார்த்து, முடிந்த வேலைக்கு மட்டும் பில். கான்கிரீட் போடும் நாளெல்லாம் அதிலிருந்தே கியூப் என்ற சோதனைக் கட்டி எடுத்து, 28ஆம் நாள் பரிசோதனை ரிப்போர்ட் கமிட்டி கைக்கு வர வேண்டும். ஐந்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஒரு மழைக்காலம் தாண்டியபின் கொடுக்கலாம்.

விசுவாசியிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்று ஓர் அண்ணன் கேட்டார். வேதாகமத்தில் யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலைக்காரரிடம் கணக்குக் கேட்கவில்லையே என்றார். உண்மைதான், அவர்கள் உண்மையாய் நடந்தவர்கள். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆசாரியர்கள் கையில் பணம் இருந்தும் 23ஆம் வருடம் வரை ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. அதன் பிறகுதான் மூடியில் துவாரமிட்ட பெட்டி வந்தது. ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணித்தான் பணத்தைக் கொடுத்தார்கள்.

நம் பெட்டியில் விழுவது என்ன பணம் என்று உங்களுக்கே தெரியும். பீடி சுற்றுகிற அக்காமார் தினமும் உலையில் போடுமுன் எடுத்து வைத்த கைப்பிடி அரிசி. சபை விருந்தான அசனத்தன்று ஒரு வாழைத்தாரை மூன்று மடங்கு விலைக்கு ஏலம் எடுத்த பனையேறித் தாத்தாவின் காசு. அவர்கள் யாரும் கமிட்டியில் இல்லை. கொட்டேஷனைக் காட்டுங்கள் என்று எழுந்து கேட்கவும் மாட்டார்கள்.

கமிட்டி கையெழுத்துப் போடுமுன் ஒரு சனிக்கிழமையை எனக்குத் தாருங்கள். கொட்டேஷன் கொடுத்த மூன்று பேரும், இந்த அகலத்தில் ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய ஆலயம் ஏதாவது இருந்தால் சொல்லட்டும். வேன் செலவு என்னுடையது. அங்கே உள்ள குருவானவரிடமும், ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையிடமும் வேலை எத்தனை நாள் நின்றது, நடுவில் எத்தனை தடவை கூடுதல் பணம் கேட்டார், மழைக்கு எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுவிட்டு வருவோம். காட்ட ஒன்றும் இல்லாதவருக்கு காம்பவுண்ட் சுவர் வேலையைக் கொடுக்கலாம், அதில் யாருக்கும் வருத்தம் வராது.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் சபையான் ஒருவன்