அசனத்தைப் பார்சலாக்க வேண்டாம்: சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் குருவானவர் ஐயாவுக்கும், தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்பில் இரண்டு தீர்மானங்கள் இருந்தன. இந்த வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாட்டைக் கேட்டரிங்காரரிடம் மொத்தமாக ஒப்படைத்து, வீட்டுக்கு இத்தனை என்று டோக்கன் போட்டு, கோயில் வாசலில் பார்சல் கொடுப்பது என்பது ஒன்று. வீடுகளில் உலை வைக்கும்போது ஒதுக்கி, பெண்கள் ஐக்கிய சங்கம் சேர்க்கும் கைப்பிடி அரிசியை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாக மாதம் ஒரு தொகையை ஜிபேயில் வாங்குவது என்பது இன்னொன்று. இரண்டையும் மறுபடி யோசியுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கமிட்டிக்குத் தனியாகக் கொடுக்காமல் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அக்கம்பக்கத்துச் சேகரங்களிலும், அதாவது மற்ற குருவானவர்களின் பொறுப்பில் உள்ள சபைகளிலும், இதே பேச்சு ஓடுகிறது. அங்கேயும் யாராவது வாசித்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்கட்டும்.

நீங்கள் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. பிள்ளைகளெல்லாம் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். இருக்கிற பெண்களில் பாதிப் பேர் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். வருஷா வருஷம் அதே கைகள்தான் வேலை செய்கின்றன, அதே முதுகுகள்தான் வலிக்கின்றன. கொரோனா சமயத்தில் பார்சல் கொடுத்தது சரியான காரியம். கூட்டம் கூடாமல் எல்லார் வீட்டுக்கும் சோறு போய்ச் சேர்ந்தது. "அதே மாதிரி சுலபமா முடிச்சிரலாமே" என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அசனம் என்பது சோறு மட்டும்தானா? திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் பண்டிகையில் ஊரே கூடிச் சமைத்து, சபையார் என்றும் வேற்று மதத்தார் என்றும் பார்க்காமல், வருகிற எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துச் சோறு போடுவதுதான் அசனம். அரிசி ஒரு வீட்டிலிருந்து வரும், தேங்காய் இன்னொரு வீட்டிலிருந்து வரும், விறகு ஒருவர் தோட்டத்திலிருந்து வரும். எதுவும் இல்லாதவர்கள் கையைக் கொடுப்பார்கள்.

பண்டிகைக்கு முந்தின ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கேட்டரிங் கணக்குப் போடும்போது இதற்கு ஒரு விலையும் போடப்படவில்லை. வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, ட்யூப்லைட் கட்டி, அரிவாள்மனைகளோடு உட்காருவோம். கத்தரிக்காயைக் கீறினதும் உப்புத் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். வெங்காயம் உரிக்கிறவர்கள் தனி வட்டம். கொரோனாவுக்கு முன்னால் ஒரு பண்டிகையில், வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே வட்டத்தில் உட்காரும்படி ஆனது. யாரும் திட்டம் போடவில்லை, இடம் அங்கேதான் இருந்தது. ஒருத்தியுடைய அரிவாள்மனை மழுங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவளிடம் கேட்காமல் வேலை ஓடாது. "அத இங்க தள்ளு" என்றாள். மற்றவளும் தள்ளினாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலை திருவிருந்துக்கு இரண்டு பேரும் வந்து முழங்காலில் நின்றார்கள். அந்தக் குடும்பத்துச் சமாதானத்துக்காக எத்தனை உபவாச ஜெபம் வைத்திருப்போம், ஐயாமார் எத்தனை தடவை வீடு சந்தித்திருப்பார்கள்! அந்த ஜெபங்களுக்குப் பதில் வந்தது கத்தரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் என்று நான் மனதார நம்புகிறேன்.

அதே ராத்திரி, புருஷன் இறந்தபிறகு கோயில் பக்கமே வராமல் இருந்த ஒரு அக்கா வெங்காயம் உரிக்க மட்டும் வந்தார். உரித்துக்கொண்டே அழுதால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா, அதனால்தான் வந்தேன் என்று பிறகு சொன்னார். பார்சல் வாங்க அவர் வந்திருக்க மாட்டார். பேரனை அனுப்பியிருப்பார்.

கடவுளை எங்கே காண்பது என்று பிரசங்கங்களில் நிறையக் கேட்கிறோம். எங்களை மாதிரி ஆட்களுக்கு இந்தக் கேள்வி ரொம்ப நேரடியானது. விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்திருக்க வேண்டும், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும், பீடி இலையை நனைத்து வைக்க வேண்டும், மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். மலைமேல் தியானத்துக்குப் போகவும் மூன்று நாள் முகாமில் உட்காரவும் எங்களால் ஆகாது. அடுப்படியிலும் தெருவிலும் அவரைச் சந்திக்க முடியாதென்றால் எங்களால் அவரைச் சந்திக்கவே முடியாது. ஆனால் முடிகிறது. வேதமும் அதைத்தான் காட்டுகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் சீஷர்களுக்காக என்ன செய்துகொண்டிருந்தார்? கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு வைத்திருந்தார். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படாமல், விடியும்போது அவர் சொன்னபிறகுதான் மீன் கிடைத்துக் கரைக்கு வந்தவர்களைச் சாப்பிட வாருங்கள் என்றுதான் முதலில் கூப்பிட்டார், பேதுருவிடம் பேச வேண்டியதையெல்லாம் அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் பேசினார். எம்மா ஊருக்குப் போன சீஷர்கள் இரண்டு பேரும் வழியெல்லாம் வேதவிளக்கம் கேட்டார்கள், நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்தது என்றும் சொன்னார்கள். ஆனாலும் கூட நடந்தவர் ஆண்டவர்தான் என்று அடையாளம் கண்டது பந்தியில், அப்பத்தைப் பிட்டபோதுதான். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான், விதவைகளுக்கு அன்றாடம் உணவு பங்கிடுவதில் குறை வந்தபோது அதைக் கவனிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவர். பந்தி விசாரிப்பதற்கே பரிசுத்த ஆவி நிறைந்தவர்களைத் தேடியிருக்கிறது ஆதிச் சபை. நாம் அதை டெண்டர் விடுகிறோம்.

வரிசையில் உட்காருவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ச் சபையின் சரித்திரத்தில் யார் யாரோடு உட்காருவது, யார் கையால் சமைத்ததை யார் சாப்பிடுவது என்பது சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடவே கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மனமில்லாமல் சபையைவிட்டே விலகினார்கள். திருவிருந்தின் கிண்ணத்தில்கூட யார் முந்தி, யார் பிந்தி என்று பார்த்த காலம் அது. அதிலிருந்து நாம் முழுசாக வெளியே வந்துவிட்டோம் என்று என்னால் எழுத முடியாது. கல்யாண விஷயத்திலும் கமிட்டித் தேர்தலிலும் அது எப்படி வேலை செய்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஒரே பந்தியில், யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல், கீழத்தெருவும் மேலத்தெருவும் முழங்கால் முட்ட உட்கார்ந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற பையன் எந்தத் தெருப் பையன் என்று கேட்காமல் இலையை நீட்டுகிறோம். கொரிந்து சபையார் முந்தி வந்தவர்கள் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு இருந்தார்கள் என்று பவுல் கோபப்பட்டாரே, அந்தக் கோபத்துக்குக் கீழ்ப்படிந்து நாம் செய்கிற காரியம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். பார்சலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவரவர் திண்ணையில் அவரவர் சனத்தோடு சாப்பிடுவார்கள். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. சுலபம்தான். அந்தச் சுலபம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம் கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, யாராவது ஒருவரை நினைத்து ஒரு வார்த்தை ஜெபித்து, தனி டப்பாவில் போடுவது. மாதம் ஒரு தடவை சங்கத்துப் பெண்கள் சாக்கோடு வீடு வீடாகப் போய் வாங்கி வருகிறோம். அந்தச் சாக்கை நீங்கள் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ரேஷன் புழுங்கல், பொன்னி, இட்லி அரிசி, யார் வீட்டிலோ பிரியாணிக்கு வாங்கின நீள அரிசி, எல்லாம் கலந்து கிடக்கும். கலப்பு அரிசிக்கு ஏலத்தில் விலை போவதில்லை என்று பொருளாளர் அண்ணன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான், போகாது. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து கொடுக்கிற கஞ்சிக்கு அது போதும், ருசியாகவே இருக்கும்.

ஆனால் விலையைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. டப்பாவை வாங்கத் திறக்கும்போது, அந்த வீட்டில் உலை எப்படி ஏறுகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் எப்போதும் நிறைந்து வரும் டப்பாவின் அடியில் கொஞ்சம்தான் அரிசி கிடந்தது. அந்தத் தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் நீட்டினாள். வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்தது, வெளியே தெரியாமல் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்து மூத்த அம்மா அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, எங்கள் சாக்கிலிருந்தே அதை நிரப்பிக் கொடுத்தார். யாரும் உபதேசம் செய்யவில்லை. ஜிபேயில் ஒரு வீட்டுத் தொகை வரவில்லையென்றால் உங்கள் கணக்கில் "பாக்கி" என்று விழும். அந்த வீட்டு அடுப்பைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்லாது.

பணத்துக்கு உதவாது என்ற பேச்சையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மிசோரமில் 1910-இல் தொடங்கின கைப்பிடி அரிசி ஊழியம் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபை அதிலிருந்து வருஷா வருஷம் கோடிக்கணக்கில் திரட்டி ஊழியங்களை நடத்துகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினவர்கள் நம்மூர்ச் சனங்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் காணிக்கையிலேயே நம் ஆட்களை அனுப்புவது என்று துணிந்தார்கள். அதை முன்னின்று நடத்தின வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியராகப் போய், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அந்தக் காலத்துத் திருநெல்வேலிக் கிராமச் சபைகளில் பணக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பனையேறிகளும் குடியானவர்களும் கொடுத்ததில்தான் அந்த வேலை நடந்தது.

இதையெல்லாம் பழசின்மேல் உள்ள ஆசையில் எழுதவில்லை. மாற வேண்டியது நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் ஆராதனையிலும் ஒரு மாற்றம் கேட்கிறேன். வேண்டுதல் ஜெபத்தில் ஆளுகிறவர்களுக்காகவும் பேராயருக்காகவும் ஜெபிக்கிறோம், நல்லது. நம் வேலைகளையும் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். பங்குனி வெயிலில் உப்பளத்தில் கால் வெந்து நிற்கிற பெண்களுக்காக, பீடி சுற்றிச் சுற்றி விரல் காய்த்தவர்களுக்காக, பாலைவனத்தில் கட்டட வேலை செய்கிற நம் பையன்களுக்காக, ராத்திரி ட்யூட்டி பார்க்கிற நர்சுப் பிள்ளைகளுக்காக. ரூத்தின் கதையில் வயல் சொந்தக்காரர் போவாஸ் வயலுக்கு வந்ததும் அறுக்கிறவர்களைப் பார்த்து, கர்த்தர் உங்களோடே இருப்பாராக என்று சொன்னாரே, அது வேலைநேரத்தில் வயலில் சொன்ன வாழ்த்து. ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து கேட்கிற அந்த வாழ்த்து திங்கட்கிழமை வேலைத்தலத்துக்கும் எங்களோடு வர வேண்டுமென்றால், அந்த வேலைத்தலத்தின் பெயர் ஒரு தடவையாவது கோயிலுக்குள் கேட்க வேண்டும்.

அசனத்துக்கு என்ன செய்யலாம் என்று சங்கத்தில் பேசிப் பார்த்தோம். அடுப்பில் நிற்கிற வேலைக்குச் சமையல் மாஸ்டரையும் இரண்டு ஆட்களையும் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. பெரிய அண்டாவை இறக்க எங்களுக்குத் தெம்பில்லை என்பதும் உண்மை. ஆனால் காய் நறுக்குவதையும் பரிமாறுவதையும் இலை எடுப்பதையும் சபைக்கே விடுங்கள். இலை எடுக்க முதல் ஆளாகக் கமிட்டி உறுப்பினர்கள் நிற்க வேண்டும் என்பது என் சொந்த ஆசை. வாலிபர் சங்கத்தில் இருக்கிற கொஞ்சம் பேரைத் தண்ணீருக்கு நிறுத்தலாம். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே தேதி சொன்னால் ஒரு நாள் முன்னாடி வருவார்கள். பலர் வருவதே அந்த ராத்திரிக்காகத்தான். படுக்கையில் கிடக்கிறவர்கள், நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டுக்குப் பார்சல் கட்டாயம் போகட்டும், அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவோம். கைப்பிடி அரிசி வேண்டாம் என்கிற வீடுகளிடம் நீங்கள் சொன்னபடி பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். டப்பா வைத்திருக்கிற வீடுகளுக்கு நாங்கள் சாக்கோடு போவதைத் தடுக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, முடிவை அறிவிப்பில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டால் வந்து பதில் சொல்லத் தயாராக இருக்கிறோம். கேட்டரிங்காரருக்கு முன்பணம் கொடுப்பதை அதுவரை நிறுத்தி வையுங்கள். பாத்திர அறைச் சாவியை வருகிற சனிக்கிழமைக்குள் சங்கத்துச் செயலாளரிடம் கொடுத்தால், அண்டாக்களை எடுத்துத் துலக்கிப் பார்த்து, எதற்கெல்லாம் ஈயம் பூச வேண்டும் என்று கூட்டத்துக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் சபையாரில் ஒருத்தி