அம்மாவின் நாய்க்குச் சான்றிதழ் கேட்டவர்களுக்கு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மனநலத் துணை விலங்கு, அதாவது மனநலம் பாதித்தவருக்கு ஆறுதலாக உடனிருக்கும் விலங்கு, என்று சான்றிதழ் கொண்டுவந்தால் அம்மாவின் நாய் கருப்பன் இங்கே இருக்கலாம், இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் சொன்னீர்கள். அன்று என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை. எல்லோரும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அந்தச் சான்றிதழை இன்று இரவே வாங்கிவிடலாம். இணையத்தில் பணம் கட்டினால் நாயின் படம் போட்ட அடையாள அட்டை வந்து சேரும். நான் வாங்க மாட்டேன். அது வெறும் அட்டை. இந்த ஏற்பாடு பிறந்த அமெரிக்காவிலேயே இதற்கு அரசுப் பதிவேடு கிடையாது. மனநல மருத்துவர் போன்ற சிகிச்சையாளர் தம் நோயாளிக்கு எழுதித் தரும் கடிதத்துக்குத்தான் வாடகை வீட்டு விஷயத்தில் மதிப்பு. இத்தகைய விலங்குகளை விமானங்களில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அங்கே இருந்த கட்டாயமும் 2021இல் நீங்கிவிட்டது. நம்முடைய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவே இல்லை. இல்லாத தாளை எங்கே போய் வாங்கி வருவது?

அம்மாவை லிஃப்டில் பார்த்திருப்பீர்கள். காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் நாற்பது வருடம் வாழ்ந்தவர். விடியும் முன்பே கட்டுத்தரைக்குப் போய், சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, சோளத்தட்டு போட்ட பிறகுதான் காப்பி குடிப்பார். அப்பா இறந்ததும் மாடுகளை விற்றுவிட்டு அவரைக் கோவைக்கு அழைத்து வந்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இங்கே வந்தும் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். செய்ய ஒன்றுமில்லாமல் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். சோறு இறங்கவில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அது உதவியது, இப்போதும் சாப்பிடுகிறார். நாய் மாத்திரைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. கூடவே, கவனித்துக்கொள்ள ஏதாவது ஓர் உயிர் இருக்கட்டும் என்றும் மருத்துவர் சொன்னார். தோட்டத்தில் இருந்த கருப்பனை அதன் பிறகுதான் கொண்டுவந்தோம். இப்போது நான்கு மணிக்கு அவன் வாசலில் எழுந்து நிற்கிறான். அவன் நடக்க வேண்டும் என்பதற்காக அம்மா நடக்கிறார். அவனுக்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டுத் தாமும் சாப்பிடுகிறார்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துப் பாருங்கள். பெரும்பான்மையோர் கை தூக்கினாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்கக் குடியிருப்போர் சங்கத்துக்கு உரிமை இல்லை என்று அது சொல்கிறது. இதைக் காட்டி உங்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ வேண்டியவர்கள் நாம்.

இரண்டாம் மாடிக் குழந்தை கருப்பனைப் பார்த்தால் அழுகிறாள். அந்தப் பயம் உண்மையானது. அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவனை வெளியே கொண்டுவர மாட்டோம். வார் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டான். அவன் அசுத்தம் செய்தால் உடனே நானே எடுத்துவிடுவேன். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டையின் நகலைக் காவலாளியிடம் கொடுத்திருக்கிறேன். ஆண்டுதோறும் புதியதைக் கொடுப்பேன். வேறு நிபந்தனை வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தை மட்டும் திரும்பப் பெறுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அம்மாவும் வருவார். சான்றிதழில் பார்க்க நினைத்ததை அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் மாடியில் குடியிருப்பவன்