அண்ணைக்குப் பிறகு எழுதிய கடதாசி

ஸ்காபரோ, ஒன்ராறியோ, கனடா

அன்புள்ள மச்சான் சிவத்துக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. தாய் தகப்பன் வந்து நெடுநாள் தங்குகிற சூப்பர் விசாவுக்கு மகன் போட்டிருக்கிறான், கோடைக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மானிப்பாய் ரோட்டில் ஒரு சைக்கிளில் இரண்டு பேராகப் போன நாங்கள், 72 வயதில் இந்த ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போகப் போகிறோம். அதை நினைத்தபடியே கிடந்தேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "படுக்கையில் விழுந்தால் அங்கே ஊசி போட்டு முடித்துவிடுவார்களாமே?" அதற்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் எடுத்தேன்.

இல்லை மச்சான். மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள ஒரு சட்டம் 2016 முதல் கனடாவில் இருப்பது உண்மை. ஆனால் நோயாளி தானே கேட்க வேண்டும், தானே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவரில் ஒருவர் தங்கியிராத இரண்டு மருத்துவர்கள், அல்லது அந்த அதிகாரம் உள்ள மூத்த தாதியர், தனித்தனியாகப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். மகன் கேட்க முடியாது, மனிசி கேட்க முடியாது. நினைவு தப்பினால் செய்யுங்கள் என்று முன்கூட்டியே எழுதிவைத்தாலும் ஒன்ராறியோவில் அது செல்லாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு நாளும் குறித்தபின் நினைவு போய்விட்டால் என்று ஒரு சின்ன விலக்கு மட்டும் உண்டு. கியூபெக் மாகாணம்தான் 2024 ஒக்டோபர் 30 முதல் முன்கூட்டிய விண்ணப்பத்தை ஏற்கிறது. இங்கே அரச மருத்துவக் காப்பு உரித்து இல்லாதவர்களுக்கு இந்த வழியே இல்லை. சூப்பர் விசாவில் வருகிற நீ தனியார் காப்புறுதியில் வருகிறாய், ஆகக் குறைந்தது 100,000 டொலருக்கு. ஆகவே அந்தப் பயத்தை உங்கேயே விட்டுவிட்டு வா.

நீ பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அதை எனக்கு அண்ணைதான் காட்டிவிட்டுப் போனார்.

அண்ணை போன செய்தியை மட்டும்தான் உனக்கு எழுதினேன், போன விதத்தை எழுதவில்லை. மூளையில் இரத்தக் கசிவு. 19 நாள் சுவாச இயந்திரத்தில் கிடந்தார். மச்சாள் முன்பே போய்விட்டதால் முடிவு எடுக்க வேண்டியவர்கள் மூன்று பிள்ளைகள். நோயாளிக்காக முடிவெடுப்பதில் இங்கத்தைய சட்டத்துக்கு மூத்தவன் இளையவன் இல்லை, மூன்று பேருக்கும் ஒரே தரம். மூன்று பேரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அரசாங்கத்தின் பொதுக் காப்பாளர் அலுவலகம் முடிவெடுக்கும். அதாவது அண்ணையை ஒருநாளும் கண்டிராத ஒருவர். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இதை வடிவாக, பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அவள் சொல்லி முடிய மூத்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

எனக்கு அண்ணையின் மனம் தெரியும். ஒருநாள் காரில் வரும்போது, "மெசினில மட்டும் என்னைப் போட விடாதை தம்பி" என்று சொன்னார். அதை நான் பிள்ளைகளிடம் சொன்னேன். "சித்தப்பா, அது சும்மா கதையோட கதையாச் சொன்னது" என்றான் மூத்தவன். இங்கத்தைய சட்டம் வாய்ச்சொல்லையும் ஏற்கும் மச்சான். 16 வயதுக்குப் பிறகு, தெளிந்த புத்தியோடு ஒருவர் தன் விருப்பத்தை வாயால் சொன்னாலும், எழுதினாலும், வேறெப்படித் தெரிவித்தாலும் அவருக்காகப் பேசுகிறவர்கள் அதன்படி நடக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் நிற்கும். ஆனால் அவர் சொன்னது என்னிடம். பிள்ளைகள் கேட்கவில்லை. கேட்காததை எப்படி நம்புவார்கள்? 19ஆம் நாள் ஒருவழியாகச் சம்மதித்தார்கள். அந்தியேட்டிக்கு இரண்டு பேர்தான் பக்கத்தில் நின்றார்கள். மற்றவள் தூரத்தில் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போனாள்.

டொக்டர்மார் தாங்களாக இயந்திரத்தைக் கழற்றவும் முடியாது. ஈரானில் இருந்து வந்த ரசூலி என்ற பொறியியலாளரின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. கழற்றுவதற்கும் சம்மதம் வேண்டும், சம்மதம் இல்லையென்றால் அதற்கென்று இருக்கிற சபையிடம் போக வேண்டும்.

அண்ணையின் காரியங்கள் முடிந்த அடுத்த மாதம் நான் எழுதினேன். நமக்காக இன்னொருவர் முடிவெடுக்கலாம் என்று உங்கே காணிக்கு அற்றோணித் தத்துவம் எழுதுகிறோமே, இங்கே உடம்புக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. நொத்தாரிசு வேண்டாம், சட்டத்தரணி வேண்டாம், அரசாங்கமே படிவத்தை இலவசமாகத் தருகிறது. சாட்சி இரண்டு பேர் போதும். பெண்சாதி பிள்ளையோ, யாருடைய பேரை எழுதுகிறோமோ அவரோ சாட்சி வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரும் முதியோர் சங்கத்தில் என்னோடு காட்ஸ் விளையாடுகிறவரும் வைத்தார்கள்.

பேர் எழுதும் இடத்தில்தான் பேனை நின்றது. எங்கள் வழக்கப்படி கொள்ளி வைப்பவன் மூத்தவன். ஆனால் அவன் அண்ணையின் மகனைப் போல, என்னைப் போகவிட மாட்டான். இளையவள் அழுதழுதும் நான் சொன்னதைச் செய்வாள். அவளுடைய பேரைத்தான் எழுதினேன். மூத்தவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு கிழமை அவன் போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அப்பா, எனக்கும் ஒரு பிரதி தாங்கோ" என்றான். கொடுத்தேன். மூன்று பேரும் இருந்து கதைத்தோம். அந்த இரண்டு மணித்தியாலம் இல்லாவிட்டால் அந்தக் கடதாசி வெறும் கடதாசிதான். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரை டொக்டர் என்னைத்தான் கேட்பார், கடதாசியை அல்ல. அதன் பிறகு கேட்பது என் மகளை.

அதில் நான் எழுதியது கொஞ்சம்தான். பிள்ளைகளை அடையாளம் காணும் நிலைக்குத் திரும்ப மாட்டேன் என்றால் இயந்திரம் வேண்டாம். குழாயால் சாப்பாடு வேண்டாம். மயங்கிக் கிடந்தாலும் பரவாயில்லை, நோவுக்கு மருந்து தர வேண்டும். முடிந்தால் வீட்டில். வீட்டில் என்றால் இன்னொன்றும் வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அம்புலன்ஸில் வருகிறவர்கள் நெஞ்சை அமத்தாமல் விட, டொக்டரோ நேர்ஸோ கையெழுத்துப் போட்ட தனிப் படிவத்தைக் காட்ட வேண்டும். எனக்கு அது இன்னும் தேவைப்படவில்லை. நோய் முற்றியவர்கள் வீட்டில் அதை பிரிட்ஜில் ஒட்டிவைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

உனக்கு இங்கே ஒரு மகன், பரிசில் ஒரு மகள். இங்கே உனக்கு ஏதும் நடந்தால் இரண்டு பேருக்கும் ஒரே உரித்து, அவள் போனில் பேசினாலும் போதும். ஆகவே விமானம் ஏறுமுன் அவளோடு கதை. என்னிடம் மட்டும் சொல்லாதே, என்னை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

உன் ஐயா போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. விறாந்தையில் பாயில் கிடத்தி, நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று ஒவ்வொரு கரண்டி பால் பருக்கினோம். நான் கடைசியாக நின்றேன், கை நடுங்கிக் கொஞ்சம் அவரது கழுத்தில் சிந்திவிட்டது. உன் அம்மா ஒன்றும் சொல்லாமல் சீலைத் தலைப்பால் துடைத்தா. படிவத்தின் அடியில் மேலதிகமாக எழுத ஒரு இடம் இருந்தது. விழுங்க முடியாவிட்டாலும் உதட்டை மட்டும் பாலால் நனைத்துவிடுங்கள் என்று எழுதினேன். மகள் வாசித்துவிட்டு, எந்தக் கரண்டி அப்பா என்று கேட்டாள்.

வரும்போது பனங்கட்டி கொண்டுவா. மகளோடு கதைத்தாயா என்று அதற்கு முதல் எழுது.

அன்புடன்,
உன் ராசன்